ஏழு மணிக்குப் பிறகு திருமலை

எங்கட வீட்டு முன்கதவுக்குப் பின்னால ஒரு இரும்புக் கம்பி இருக்கு, அப்பா தொண்ணூறுகள்ல வெல்டிங் கடையில சொல்லிச் செய்விச்சது, சுவருல ரெண்டு பக்கமும் கொளுக்கி, பொழுதுபட்டா அம்மா அத குறுக்க போட்டுருவா. சண்டை முடிஞ்சது 2009ல. கம்பி போடுறது முடியேல்ல. நான் கொழும்புல இருந்து ராத்திரி மெயில் ட்ரெயின்ல ஏறி விடிய வந்து இறங்கி ரெண்டு நாள் மூண்டு நாள் நிண்டுட்டு ஓடுற ஆள், அதால இத பெருசா யோசிச்சதில்ல, இந்த முறை வீட்டுல இருந்தே வேலை செய்யலாம் எண்டு ஒஃபிஸ்ல விட்டதால மே தொடக்கம் ஓகஸ்ட் கடைசி வரைக்கும் நாலு மாசம் ஊரோட இருந்தன், அப்பதான் விளங்கினது. அம்மாக்கு 66 வயசு. திருகோணமலையில, நாங்க திருமலை எண்டு சொல்லுற இந்த ஊருலயே பிறந்து வளந்தவ. ஆனா ஏழு மணிக்குப் பிறகு திருமலை எப்படி இருக்கும் எண்டு கேட்டா அவவுக்குத் தெரிஞ்சது 83 கலவரத்துக்கு முந்தின திருமலைதான்.

இன்னொரு விஷயம் சத்தம். எங்கட வீட்டுல பாட்டு எண்டா அப்பாட ட்ரான்சிஸ்டர் ரேடியோ, அது எப்பவும் சின்னச் சத்தத்துலதான் பாடும், காத கிட்ட வச்சாத்தான் சொல்லு விளங்கும். பற்றறி மிச்சம் பிடிக்கத்தான் அப்படி வைக்கிறார் எண்டு சின்னனில நான் நினைச்சன். இல்ல, வெளியில என்ன சத்தம் வருது எண்டு கேக்கணும், நாய் எந்தப் பக்கம் குலைக்குது, வந்த வாகனம் போகுதா நிக்குதா, ஹாபர் பக்கம் நேவி தண்ணிக்குள்ள வெடி போடுற நேரம் ஜன்னல் கண்ணாடி அதிரும், அது வழமையான வெடியா வேற எதுவுமா, இதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் வீட்டுல எல்லாரும் இருப்பம். ராத்திரிச் சத்தம் எண்டா எங்களுக்கு அதுதான். அப்பா போய் எட்டு வருஷம், அம்மா இண்டைக்கும் டிவிய சின்னச் சத்தத்துல வச்சுத்தான் நாடகம் பாக்கிறா.

வந்த முதல் கிழமை ஒவ்வொரு பின்னேரமும் கேட்டன், டச்சுபே கடற்கரைப் பக்கம் போயிட்டு வருவமா அம்மா எண்டு. "இப்பவோ? இருட்டப் போகுது பிள்ளை, நாளைக்கு வெள்ளனப் போவம்" எண்டு தள்ளிக்கொண்டே வந்தா. எட்டாம் நாள் கரண்ட் போச்சு. மே மாசத்து வெக்கை, பகல் முழுக்கக் கச்சான் அடிச்சு கூரை ஓடெல்லாம் சுட்டுக்கிடக்கு, பேன் இல்லாம உள்ளுக்கு இருக்க ஏலாது, அவவே எழும்பிக் கம்பியக் கழட்டினா, "வா, காத்து வாங்கிட்டு வருவம்."

வெளியூர் ஆக்களுக்கு கச்சான் எண்டா என்னெண்டு சொல்லணும். கொறிக்கிற கச்சான் இல்ல, காத்து. தென்மேல் பருவக்காத்து மலைநாட்டுக்கு அந்தப் பக்கம் மழைய எல்லாம் கொட்டித் தீத்துட்டு, இந்தப் பக்கம் இறங்கி வரேக்க காஞ்சு சுட்டுப்போய்த்தான் வரும், புழுதியும் கொண்டு வரும், உதடு வெடிக்கும், உடுப்பு ஒரு மணித்தியாலத்துல காஞ்சு விறைச்சுப்போயிரும். அதே காத்துதான் எங்கட கடல அடக்கியும் வைக்குது, காலி பக்கமும் கொழும்பு பக்கமும் கடல் கொந்தளிக்கிற மாசங்கள்ல இங்க உப்புவெளி, நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். எங்களுக்கு சீசன் எண்டா அதுதான், சித்திரைக்குப் பிறகு தொடங்கி புரட்டாதி வரைக்கும், பேந்து வாடைக்காத்து தொடங்கினா மழையும் அலையும் வந்து எல்லாத்தயும் மூடிரும். பகல் முழுக்க வெந்த சனம் பொழுதுபட்டாப் பிறகுதான் மூச்சு விடும், ராத்திரியிலதான் இந்த ஊர் உயிரோட இருக்கும், அந்த நேரத்துலதான் எங்கட அம்மா முப்பது நாப்பது வருஷமா கதவுக்கு உள்ளுக்கு இருந்திருக்கிறா.

டச்சுபே. காந்தி சிலையடியில ஓட்டோவால இறங்கினம். கடற்கரை முழுக்கச் சனம், தும்பு முட்டாஸ்காரன், இறால் வடை வண்டி, மாங்காய் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவி விக்கிறவர், சின்னப் பிள்ளையள் தண்ணியில, தமிழ்ச் சனம், முஸ்லிம் சனம், சிங்களச் சனம் எல்லாரும் பாய விரிச்சு இருக்கிறாங்க. அம்மா செருப்பக் கழட்டிட்டு மணலுக்குள்ள கால வச்சா, மணல் அப்பவும் சூடு. கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு மெல்லமா "அந்தப் பொடியங்கள் இந்த இடத்துலதானே" எண்டா. 2006 ஜனவரி 2, இந்தக் கடற்கரையிலதான் 5 மாணவர்கள் கொல்லப்பட்டது. எல்லாரும் இருபது வயசுப் பிள்ளையள், அவங்களும் பின்னேரம் காத்து வாங்கி, கூட்டாளிமாரோட கதைச்சுக்கொண்டு இருக்கத்தான் வந்தவங்க. அதுக்குப் பிறகு கனகாலம் பொழுதுபட்டா இந்தப் பக்கம் ஒருத்தரும் வாறேல்ல. எங்களுக்குப் பக்கத்துல அதே வயசுப் பொடியங்கள் அஞ்சாறு பேர் ஒரு கிட்டாரோட இருந்து எண்பதுகள்ல வந்த தமிழ்ப் பாட்டுகள ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் பாடிக்கொண்டு இருந்தாங்க, ஒருத்தனுக்கு வரி மறந்துபோய் மற்றவன் எடுத்துக் குடுக்க அம்மாவும் வாய்க்குள்ள சேந்து முணுமுணுக்கத் தொடங்கிட்டா. ஒம்பதரை மட்டும் இருந்தம். போகேக்க அந்தப் பொடியங்கள்ட்ட போய் "வெள்ளன வீட்ட போங்கோ தம்பி" எண்டு சொல்லிட்டுத்தான் வந்தா, அவங்கள் சிரிச்சுக்கொண்டு "சரி அம்மா" எண்டாங்கள். அந்த ஒரு வசனத்துக்குள்ள என்னென்ன இருந்ததெண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோ தெரியாது.

அதுக்குப் பிறகு தடை இல்ல. ஒவ்வொரு பின்னேரமும் "இண்டைக்கு எங்க?" எண்டு அவவே கேக்கத் தொடங்கினா.

திருமலையில நடக்கிறதுக்கு ஒரு வசதி இருக்கு, டவுன் ரெண்டு கடலுக்கு நடுவில ஒடுங்கிக் கிடக்கு. உட்துறைமுக வீதியில நிண்டு சூரியன் அந்தப் பக்க மலையளுக்குப் பின்னால இறங்கிறதப் பாத்துட்டு, கடைத்தெருவுக்குள்ளால மெல்ல நடந்தா கொஞ்ச நேரத்துல மற்றக் கடலடிக்கு வந்துருவம், பௌர்ணமிக்குக் கிட்ட எண்டா அங்க நிலவு தண்ணிக்குள்ளால எழும்பிக்கொண்டு இருக்கும். நடுவில கொத்துக்கடை. கொத்துப் போடுற தகடு ரெண்டும் கல்லுல விழுற சத்தம் தூரத்துலயே கேக்கும், ஒவ்வொரு கடைக்காரருக்கும் ஒவ்வொரு தாளம், நாங்க வழமையா எடுக்கிற கடையில ஒரு தம்பி முதல் மெதுவாத் தொடங்கி முட்டை ஊத்தினதும் வேகம் பிடிச்சு கடைசியில மூண்டு தட்டுத் தட்டி நிப்பாட்டுவான், அம்மா அவன்ட கையையே பாத்துக்கொண்டு நிப்பா. கோட்டை வாசல் பக்கம் போனா மான். கோட்டைக்குள்ளயும் ரோட்டுலயும் புள்ளிமான் கூட்டம் ஆடு மாடு மாதிரித் திரியும், ராத்திரியில லைட் வெளிச்சத்துல ரோட்டோரம் படுத்து அசைபோட்டுக்கொண்டு இருக்கும், வாகனம் வந்தாலும் எழும்பாது. கோணேசர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்குப் போய் திரும்பி இறங்கேக்க அதுகளுக்கு வாழைப்பழத்தோல் குடுக்கிறது அம்மாட பழக்கமாப் போச்சு. (தயவுசெய்து பொலித்தீன் பேக்குகள அங்க போடாதேங்கோ, அதுகள் அதையும் சாப்பிட்டுட்டுச் சாகுது.)

மே மாசம் வெசாக், புத்தர்ட பண்டிகை. பந்தல், வெளிச்சக் கூடு, சும்மா சாப்பாடு குடுக்கிற தன்சல், ரோடு முழுக்க லைட், அம்மா வரிசையில நிண்டு ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டா.

ஆனா நான் எழுத வந்தது மேளத்தப் பற்றி. ஜூலையில எங்கட வீட்டுக்குக் கிட்ட உள்ள பிள்ளையார் கோயில் திருவிழா, ஒம்பதாம் திருவிழா ராத்திரி மேளச்சமா, அதான் தவில் நாதஸ்வரக் கச்சேரி, எண்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, யாழ்ப்பாணத்துல இருந்து ரெண்டு செட், எங்கட ஊர் செட் ஒண்டு. அம்மாட அப்பா தவில் பைத்தியம், யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியிட தவில் எண்டாச் சாப்பாட்டையும் விட்டுட்டுப் போற ஆள், 1975ல தட்சணாமூர்த்தி மோசம் போன நேரம் ரெண்டு நாள் வீட்டுல ஒருத்தரோடயும் கதைக்கேல்லயாம். அம்மம்மா கோவிச்சுக்கொள்ள கோவிச்சுக்கொள்ள சின்னப் பிள்ளை அம்மாவயும் தோளில தூக்கிக்கொண்டு போய் விடிய விடியக் கேப்பிச்சவர். அந்த மனுஷன்ட மகள் கலியாணத்துக்குப் பிறகு ஒரு மேளச்சமா முழுசாக் கேட்டதில்ல, திருவிழா எல்லாம் பகலோட முடிச்ச காலம்.

நாங்க ஏழரைக்கே போய் இடம் பிடிச்சம். முன்னால பந்தலுக்குப் பக்கத்துல மேளக்காரர் ஆயத்தமாகிக்கொண்டு இருந்தாங்க. ஒரு பொடியன் ஸ்பானரால தவில்ட போல்ட்டுகள ஒவ்வொண்டா இறுக்கி, விரலால தட்டி, திரும்ப இறுக்கி, கடல் ஈரத்துக்குத் தோல் தொய்ஞ்சுபோகுது எண்டு சொன்னான், முந்தி வாரால இறுக்கினது இப்ப போல்ட்டுத்தான். பெரிய தவில்காரர் ஒரு தகர டப்பாவத் திறந்து விரல்கூடுகள எடுத்தார். நான் அத அவ்வளவு கிட்டப் பாத்தது அண்டைக்குத்தான். சீலைத்துண்டப் பசை தடவிச் சுத்திச் சுத்திக் காயவச்சது, கல்லு மாதிரி இறுக்கம், ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொண்டு, நுனி பழுத்த நிறத்துல வழுவழுப்பா இருக்கு. வலக்கை விரல்கள்ல ஒவ்வொண்டாக் கொழுவி, கைய மூடித் திறந்து பாத்தார். மற்றக் கைக்குத் தடி. அம்மா எட்டி "நோகாதா தம்பி?" எண்டு கேட்டா. அவர் ஒரு கூட்டக் கழட்டி விரலக் காட்டினார், நகத்தடியில தழும்பு தழும்பா, "சின்னனில நொந்தது அம்மா, இப்ப இது இல்லாட்டித்தான் கை நோகுது" எண்டார்.

சாமி வெளிய வரேக்க வெடி கொளுத்தினாங்க. சரவெடி, அதுக்குப் பின்னால ஒரு பெரிய வெடி. அம்மா என்ட கையப் பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சுட்டு. முகம் முழுக்க வேற. எழும்பிப் போவம் எண்டு நான் சொல்ல வாயெடுக்கிறதுக்குள்ள மூண்டு தவிலும் ஒண்டாத் தொடங்கிட்டு, நெஞ்சுக்குள்ள விழுற சத்தம், நிலம் அதிருது, கதிரை அதிருது, அதுக்கு மேலால நாதஸ்வரம் நீளமா ஒரு பிடி பிடிச்சு இறங்குது, அம்மாட பிடி மெல்ல மெல்லத் தளந்து, பிறகு அந்தக் கையாலயே என்ட துடையில தாளம் போடத் தொடங்கினா. தவில் மட்டும் வாசிக்கிற தனியாவர்த்தனத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தாங்க, ஒருத்தர் வாசிக்க மற்றவர் அத வாங்கி இன்னும் ரெண்டு மடிப்பு வச்சுத் திருப்பிக் குடுக்க, சனம் "ஆ" எண்டு கத்துது, எங்கட ஊர்ப் பொடியன் (அந்த ஸ்பானர் பொடியன்தான்) பெரியவருக்கு ஈடு குடுத்து ஒரு இடத்துல தாண்டிப் போக அவரே தடியத் தூக்கி அவனுக்குக் காட்டினார். எங்கட அம்மா எழும்பி நிண்டு கை தட்டினா. விடிய ரெண்டு மணிக்கு வீட்ட வந்தம். "சத்தம் உள்ளுக்கு நிக்குது பிள்ளை" எண்டு நெஞ்சில கைய வச்சுக்கொண்டு கனநேரம் படுக்காமல் இருந்தா.

உப்புவெளிப் பக்கம் வேற மாதிரி. சித்திட மகன் ஒரு இசைக்குழுவுல ஒக்டபேட் (கரண்ட்ல வேலை செய்யிற ட்ரம்) அடிக்கிறவன், சீசனுக்குக் கிழமையில மூண்டு நாள் கடற்கரை ஹோட்டல்கள்ல புரோகிராம், அவன் கூப்பிட்டுத்தான் போனம். கீபோட், லீட் கிட்டார், பேஸ், ஒக்டபேட், பாடுறதுக்கு ஒரு தங்கச்சியும் ஒரு அண்ணாவும். தமிழ், சிங்களம், ஹிந்தி, இங்கிலீஷ், கடைசியில பைலா எண்ட இலங்கை ஆட்டப்பாட்டு, எல்லாம் ஒரே ராத்திரியில. சவுண்ட் பொக்ஸ எங்க வைக்கிறதெண்டுறதே ஒரு கலை எண்டு தம்பி சொன்னான், கச்சான் மாசங்கள்ல காத்து கரையில இருந்து கடலுக்கு அடிக்கும், பொக்ஸ கடலடியில வச்சுக் கரையப் பாக்கத் திருப்பினா சத்தத்தக் காத்துத் தள்ளிக்கொண்டு போயிரும், அதால கட்டடப் பக்கம் வச்சு கடலப் பாக்கத் திருப்பி, சனத்த நடுவில இருத்தணும். உப்புக்காத்துக்கு வயர் முனையெல்லாம் பச்சை பிடிக்குது, ஒவ்வொரு புரோகிராமுக்கும் முதல் சுரண்டித் துடைக்கிறது அவன்ட வேலை. நாலு மணித்தியாலம் நிண்டு அடிச்சுட்டு விடிய கடைக்கு வேலைக்குப் போற பிள்ளை அவன், இந்த ஊருல இசைய மட்டும் நம்பிச் சீவிக்க ஏலாது, வாடை தொடங்கினா வருமானம் இல்ல.

ஒரு இரவு வேற ஒரு இடத்துக்குப் போனம். வாசல்ல நிண்டவர் எங்களப் பாத்துட்டு "இண்டைக்கு வெளிநாட்டு ஆக்களுக்கு மட்டும்" எண்டார். அம்மா சீலை உடுத்து, தலைக்குப் பூ வச்சு வந்தவ. எங்கட கடல், எங்கட மணல், உள்ளுக்கு எங்கட பிள்ளையள் வாசிக்குதுகள், எங்களுக்கு இடமில்ல. எனக்கு வந்த கோவம் இன்னும் போகேல்ல, இப்படிச் செய்யிற இடங்களுக்கு உள்ளூர்ச் சனம் வாய் திறந்து கேக்கணும், நானும் கேட்டன், பதில் வரேல்ல. அம்மா "வா, வெளிய இருந்தும் கேக்கும்தானே" எண்டு கடற்கரையில இருந்துட்டா. எல்லா இடமும் நல்லம் எண்டு நான் சொல்ல வரேல்ல, பத்து மணிக்குப் பிறகு குடிச்சுட்டு நிக்கிற ஆக்கள் இருக்கிறாங்க, லைட் இல்லாத துண்டுகள் இருக்கு, ராத்திரி ஓட்டோவுக்கு ரெண்டு மடங்கு காசு, ரெண்டு பொம்பிளையள் தனிய நடந்தா திரும்பித் திரும்பிப் பாக்கிற கண் எத்தினை. அதுக்காகத் திரும்பவும் வீட்டுக்குள்ள போய் இருக்க ஏலாது.

ஓகஸ்டுல பாலையூத்துல ஒரு பறங்கிக் கலியாணம், போர்த்துக்கீசர் வழி வந்த எங்கட ஊர்ச் சனம். அப்பாவோட வேலை செய்த அங்கிள்ட பேத்தி. இதக் கட்டாயம் எழுதணும், கனபேருக்கு திருமலையில இப்படி ஒண்டு இருக்கிறதே தெரியாது. 1620கள்ல போர்த்துக்கீசர் வந்து கோணேசர் கோயில இடிச்சுக் கோட்டை கட்டினாங்க, 1639ல ஒல்லாந்தர் அதப் பிடிச்சாங்க, பிறகு பிரித்தானியர், அவங்களும் போயிட்டாங்க, ஆனா அந்த முதல் வந்தவங்கட பாட்டும் ஆட்டமும் பாலையூத்துலயும் மட்டக்களப்புலயும் இண்டைக்கும் கலியாண வீடுகள்ல இருக்கு. காஃப்ரிஞ்ஞா எண்டு சொல்லுவாங்க. வயலின், மண்டலின், றபான் எண்ட கைப்பறை. ஒரு வயசுபோன மாமா வயலினத் தாடைக்குக் கீழ வைக்காமல் நெஞ்சில சாத்தி வச்சு வாசிச்சார், சோடி சோடியா எதிரெதிர நிண்டு ஆட்டம், அந்த ஆட்டத்தாளம் நாங்க பைலாவுல கேக்கிறதுதான், பைலா வந்ததே இதுகளுக்குள்ளால. பாட்டு அவங்கட போர்த்துக்கீசப் பாசையில, வீட்டுல அந்தப் பாசை கதைக்கிற ஆக்கள் இப்ப குறைவு, பிள்ளையள் எல்லாம் தமிழ்தான், ஆனா பாட்டுக்கு எல்லாருக்கும் சொல்லு தெரியுது. அங்கிள் வந்து அம்மாட கையப் பிடிச்சு "வாங்கோ தங்கச்சி, ஒரு சுத்து" எண்டார். நான் அம்மா மாட்டா எண்டுதான் நினைச்சன். செருப்பக் கழட்டிக் கதிரைக்குக் கீழ வச்சுட்டுப் போனா.

பகல்ல போன இடங்களுக்கு இன்னொரு நாள் எழுதுறன். புறாமலை எண்ட சின்னத் தீவுக்குப் போனது, 2003ல தேசியப் பூங்காவாக்கினது, நிலாவெளியில இருந்து போட்ல கொஞ்சத் தூரம்தான், அம்மா தண்ணிக்குள்ள இறங்கேல்ல. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு விடியக்காலம சனம் வரமுதல் போய் ஏழு கிணத்துலயும் ஒவ்வொரு வாளி ஊத்தினது, ஒவ்வொரு கிணத்துக்கும் ஒவ்வொரு சூடு. தம்பலகாமம் போய் சட்டித்தயிர் வாங்கினது. எல்லாம் நல்லம், ஆனா எனக்கு இந்த நாலு மாசத்துல மிஞ்சினது ராத்திரிதான்.

ஓகஸ்ட் முடிய நான் கொழும்புக்கு வந்துட்டன். ஸ்டேசனுக்கு வரேக்க அம்மா கதவுல பூட்ட மட்டும் போட்டா, கம்பி வெளிய வளவுல கொடிக்கயிறு கட்டியிருக்கிற கம்பத்துக்குப் பக்கத்துல சாத்திக் கிடந்தது, அத நான் கண்டன், ஒண்டும் கேக்கேல்ல.

போன கிழமை நவராத்திரி. ராத்திரி பத்து இருபதுக்கு போன் அடிக்குது. அந்த நேரம் அம்மா எடுக்கிறதே இல்ல, பதறிப்போய் எடுத்தன், ஒரே இரைச்சல். "பிள்ளை, நான் மாமியோட அம்மன் கோயில்ல நிக்கிறன், அந்தப் பொடியன் இண்டைக்குத் தனிய வாசிக்கிறான், அண்டைக்கு இறுக்கிக்கொண்டு நிண்டவன், கேக்குதா?" எண்டு கத்திக் கேட்டா. பதில் சொல்லமுதல் போனத் தூக்கி மேளத்துக்கு நேர பிடிச்சுட்டா போல, தவில் சத்தம் போனுக்குள்ள உடைஞ்சு உடைஞ்சு கரகரவெண்டு வருது, தாளம் பிடிபடேல்ல, நாதஸ்வரம் இடைக்கிடை ஒரு நூல் மாதிரி. அறை லைட்ட நூத்துட்டு சத்தத்த முழுசாக் கூட்டி காதோட வச்சுக்கொண்டு, அவவிட போன் சார்ஜ் முடிஞ்சு கட்டாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு இருந்தன்.